வீட்டில் விட்டுப்போனவை

சர்வேயர் காட்டுக்குள் எல்லை அளக்கப் போனால் ஒரு பைக்கு மேல் சுமக்க மாட்டார். கோடாலியா வெட்டுக்கத்தியா, கயிறா டார்ச்சா என்று ஒவ்வொரு தடவையும் மண்டையை உடைத்துக்கொள்வார். எடுத்துப்போனது எதுவும் அழுக்குப்படாமல் அப்படியே திரும்பி வரும். வீட்டில் விட்டுப்போனதுதான் தேய்ந்து கிடக்கும். கதவுக்குப் பின்னால் சாத்திவைத்த கோடாலி மழுங்கி, மரப்பால் ஒட்டியிருக்கும். அலமாரியில் இருந்த கயிறு சேறாகியிருக்கும்.

அவர் மனைவி முதலில் பயந்தாள். பிறகு பாத்திரத்தோடு சேர்த்து அதையும் கழுவிவைக்கப் பழகிவிட்டாள்.

இந்தத் தடவை அவர் இரண்டு பை கட்டினார்.

“எதையாவது விட்டுட்டுப் போறீங்களா?” என்று கேட்டாள்.

“ஒண்ணு விடாம எடுத்தாச்சு. உனக்குக் கழுவுற வேலை மிச்சம்.”

அவர் போன மறுநாள் காலை அடுப்படிக்கு நடக்கும்போது அவள் காலில் குத்தியது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தாள். உள்ளங்கால் முழுக்க முள். நகக்கண்ணில் ஈர மண். வாசற்கதவு இரவு அவள் போட்ட தாழ்ப்பாளோடு அப்படியே இருந்தது.

ஊசி எடுத்துவந்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள். அவர் திரும்பி வர இன்னும் நாள் இருந்தது.