தேனீக்களிடம் யார் சொல்வது?

"இன்னிக்கு உங்கம்மா என்ன சொன்னா?"

ஆப்பிள் மரத்தடியில் சக்கர நாற்காலியை நிறுத்தியதுமே ஹார்லன் கேட்டார். தினமும் கேட்கிற கேள்விதான். வெர்னா போர்வையை அவர் கால்களில் சுற்றினாள்.

"ஆஸ்பத்திரி சோள ரொட்டியில உப்பே இல்லையாம். நர்ஸை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க."

"செய்வா, செய்வா." அவர் கண்களை மூடிக்கொண்டார். "அப்புறம்?"

"ஜன்னல்ல ஒரு சிவப்புக் குருவி வந்து உக்காந்துச்சாம். உங்களை மாதிரியே முறைச்சுப் பாத்துச்சாம்."

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். "இன்னும்?"

"அவ்வளவுதாம்ப்பா. மீதி நாளைக்கு."

வெர்னா அப்பாவின் படுக்கையறைக்குப் போனாள். உள்ளே தேனீக்கள் கூடு கட்டியிருந்த சுவர், தூக்கத்தில் முனகுவதுபோல் முனகிக்கொண்டிருந்தது. பலகை இடுக்குகளில் தேன் கசிந்து, வெயிலில் மெதுவாக இறங்கியது. அந்த மணத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிடும்.

அவளால் மறக்க முடியாது. வியாழக்கிழமை அப்பாவுக்கு இதய ஆபரேஷன். திரும்பி வரும்போது அறையில் ஒரு தேனீகூட இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தேனீ பிடிக்கும் டெல்பர்ட் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றான். பள்ளியில் அவளோடு படித்தவன்.

"நாப்பதாயிரம் தேறும். ஆமா, இதுங்ககிட்ட சொல்லியாச்சா?"

"என்னத்தை?"

"உங்கம்மா செத்துப்போனதை."

வெர்னா பாய்ந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுடா மடையா! அப்பாவுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா அந்த இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆபரேஷன் முடியட்டும்னு மூணு வாரமா வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிட்டிருக்கேன்."

"அது உன் பாடு. சாவு விழுந்த வீட்டுல, தேனீக்கிட்ட சேதி சொல்லாம நான் கூட்டுல கை வைக்க மாட்டேன்."

"பூச்சிக்கிட்ட போய் துக்கம் சொல்றதா?"

"இந்த மலையில பொறந்துட்டுக் கேக்குற கேள்வியா இது? சொல்லலைன்னா கூண்டோட செத்துப்போகும். இல்லைன்னா கிறுக்குப் பிடிச்சுக் கொட்டும். எங்க மாமா சொல்லாமத் தொட்டார். அவரு கல்யாண போட்டோவுல மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்துல ஒரு பூசணிக்காய்தான் இருக்கு."

"அப்போ நீயே சொல்லித் தொலை."

"வீட்டாளுங்கதான் சொல்லணும். சுவர்ல மூணு தட்டு. அப்புறம் பேரு. அவ்வளவுதான்."

வெர்னா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மா இறந்துவிட்டாள் என்று அவள் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அழவும் இல்லை. அழுதால் கண் காட்டிக்கொடுத்துவிடும். ஜன்னல் வழியே பார்த்தாள். மரத்தடியில் அப்பா உதிர்ந்த பூக்களுக்கு நடுவே, யாரோ கதை சொல்லக் கேட்பவர்போல் தலையைச் சாய்த்திருந்தார்.

"சரி, கட்டிலை நகர்த்து" என்றாள். "சுவர்ல வாயை வெச்சு மெதுவாச் சொல்லிடறேன். வெளியில கேக்காது."

இரும்புக் கட்டிலை இருவருமாக இழுத்தார்கள். பின்னால் சுவர்ப் பலகையில், படுத்தபடியே கை எட்டும் உயரத்தில், பென்சில் எழுத்து, வரிவரியாக. அப்பாவின் கோணல் கையெழுத்து. அவருடைய அப்பா பெயர், அம்மா பெயர், சுரங்கத்தில் இறந்துபோன தம்பியின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே கிழமையும் நேரமும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'சொல்லியாச்சு.'

கடைசி வரியில் மட்டும் பென்சில் இன்னும் மங்கவில்லை.

'இமோஜீன். செவ்வாய், மாலை நாலு பத்து. சொல்லியாச்சு.'

வெர்னா கட்டிலின் தலைமாட்டில் இருந்த டெலிபோனைப் பார்த்தாள். அம்மாவைச் சேர்த்த அன்று ஆஸ்பத்திரியில் அவள் முதலில் எழுதிக் கொடுத்த எண் அதனுடையதுதான்.

"அன்னிக்கு உனக்கு எப்போ போன் வந்துச்சு?" என்றான் டெல்பர்ட்.

"ஆறு மணிக்கு."