அத்தானும் அக்காவும்

‘ஆழ்ந்த இரங்கல்’ என்று தட்டினார்.

படித்துப் பார்த்தார். பஞ்சாயத்துத் தீர்மானம் மாதிரி இருந்தது. அழித்தார்.

‘ஆண்டவன் சித்தம்’ என்று தட்டினார். அதையும் அழித்தார். ஆண்டவன் மேல் அவருக்கே இன்னும் கோபம் தீரவில்லை.

மைத்துனன் ஆவுடையப்பனின் மனைவி பூரணம் நேற்று ராய்ப்பூரில் இறந்துபோனாள். காலையில் காப்பிக்குப் பால் வைத்தவள். பால் தீய்கிற வாடைக்கு எல்லோரும் ஓடிவந்து பார்த்தபோது தரையில் கிடந்தாள். அவ்வளவுதான்.

இவர் கோவில்பட்டியில் கட்டிலோடு கிடக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறது. கக்கூசுக்குப் போவதற்கே வாக்கர் வேண்டும். ராய்ப்பூருக்கு எங்கே போவது?

ஃபோன் போட்டுப் பார்த்தார். ஆவுடையப்பன் எடுக்கவில்லை. அவன் மகன் நம்பருக்குப் போட்டதும் மகன் எடுத்தான்.

“அப்பா யார்கிட்டயும் பேச மாட்டேங்காங்க மாமா. நேத்துலேருந்து பச்சத் தண்ணி இறங்கல. ஃபோனை மட்டும் கையில வச்சிட்டு உக்காந்திருக்காங்க. நீங்க ஏதாவது எழுதிப் போடுங்க. படிப்பாங்க.”

எழுதிப் போடவேண்டுமாம். சின்னப் பையன், சுலபமாகச் சொல்லிவிட்டான்.

உறவில் எங்கே சாவு விழுந்தாலும் இந்த வீட்டிலிருந்து நாலு வரி போய்விடும். முதலில் கார்டு, பிறகு இன்லண்ட், பிறகு வாட்ஸ்அப். ‘உங்க லெட்டரைப் படிச்ச பிறகுதான் மனசு கொஞ்சம் ஆறுச்சு’ என்று எத்தனையோ பேர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். அவரும் கூச்சநாச்சமில்லாமல் அந்தப் பேரை வாங்கி வைத்துக்கொள்வார்.

சொன்னதெல்லாம் செண்பகம்.

அவர் மனைவி. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ஒவ்வொரு வரியாகச் சொல்வாள். அவர் எழுதுவார். கை மட்டும்தான் அவருடையது.

நடுவில் சொந்தச் சரக்கைக் கொஞ்சம் சேர்த்தால் போதும், வாசிக்கச் சொல்லிக் கண்டுபிடித்துவிடுவாள்.

“போனவங்களப் பத்தி ஒண்ணாவது எழுதணும். இல்லன்னா அது தந்தி” என்பாள்.

பங்குனியில் அவளும் போய்விட்டாள்.

அவளுக்காக வந்த ஆறுதல்களுக்கு அவர் ஒரு வரி பதில் போடவில்லை. சொல்வதற்கு ஆள் இல்லாமல் கை என்னத்தை எழுதும்?

ஆனால் இது ஆவுடையப்பன். அம்மா இல்லாத வீட்டில் செண்பகம் இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்த தம்பி. அங்கே பட்டினியாக உட்கார்ந்திருக்கிறான். அவனை விட்டுவிட முடியாது.

பூரணத்தைப் பற்றி ஒன்று.

கண்ணை மூடிக்கொண்டார்.

புடவை ஞாபகம் வந்தது.

செண்பகத்துக்குப் பிறந்த வீட்டுக் கோடி போடவேண்டியவன் ஆவுடையப்பன். பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கடைசியாக வருகிற புடவை. விமானத்தில் வந்து இறங்கிய புருஷனும் பெண்டாட்டியும் நேரே வீட்டுக்கு வரவில்லை. எடுக்க நேரமாகிறது என்று இங்கே எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பூரணம் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

தட்ட ஆரம்பித்தார்.

‘ஆவுடை, உன் அக்காவுக்குக் கோடிப் புடவை பார்த்து எடுத்தது பூரணம்தான். கிடைத்ததை வாங்கிக்கொண்டு வராமல், கத்தரிப்பூ நிறம்தான் வேண்டும் என்று அலைந்திருக்கிறாள். அதைப் போர்த்தியதும் உன் அக்கா முகம் தெளிந்த மாதிரி இருந்தது. அவளுக்குப் பிடித்த நிறம் அது என்று இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய எனக்குத் தெரியாது. பூரணத்துக்குத் தெரிந்திருந்தது. இதை அவளிடமே ஒருநாள் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். உன்னிடம் சொல்கிறேன்.’

கண் மறைத்தது. முடிக்கிற வரியைப் போட்டார். அனுப்பிவிட்டார்.

இரண்டு டிக் விழுந்தது. நீலமானது.

படித்துவிட்டான்.

அதற்குப் பிறகுதான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுதியதை முதலிலிருந்து வாசித்துப் பார்த்தார். ஒன்றும் மோசமில்லை. செண்பகம் குறை சொல்லியிருக்க மாட்டாள்.

கடைசி வரிக்கு வந்தார்.

‘இப்படிக்கு, அத்தானும் அக்காவும்.’



கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தம்பிக்குப் போன எல்லாவற்றின் அடியிலும் போட்ட வரி. அந்த ஒன்றை மட்டும் செண்பகம் சொல்லவே வேண்டியதில்லை. கை தானாகப் போட்டுக்கொள்ளும். இன்றைக்கும் போட்டுவிட்டது.

மேலே அவளுடைய கோடிப் புடவையைப் பற்றி எழுதிவிட்டு, கீழே அவளையும் சேர்த்துத் துக்கம் விசாரித்திருக்கிறார். புத்தி கெட்ட கிழவன். பெண்டாட்டியைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறவனுக்கு அக்கா போனதையும் சேர்த்துக் கிளறிவிட்டாயிற்று.

அழிக்க வழி தேடினார். அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்தார். விரல் எதையெதையோ தொட்டது.

ஃபோன் அடித்தது. திரையில் ஆவுடையப்பன்.

காதில் வைத்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவன் முந்திக்கொண்டான். 

“அத்தான்” என்றான். குரல் கம்மியிருந்தது. “அக்கா வேற என்ன சொல்லுதா?”

அவர் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார். 

“சாப்பிட்டியான்னு கேக்கா.”



“இல்லக்கா” என்றான்.