ஆயில் மாத்தியாச்சு

“ஆயில் மாத்தக்கூடத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு ஃபிட்டரா?”

பேரிங் இறுகி நின்றுபோன பிரஸ் மெஷின் முன்னால், எல்லோரும் பார்க்க மேனேஜர் கத்தினார். புது ஆயில் கேட்டு ஃபிட்டர் நடையாய் நடந்தபோதெல்லாம் ‘ஸ்டாக் இல்லை’ என்று விரட்டியவரும் அவர்தான்.

ஃபிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பழைய ஆயிலை வடித்தான். தார் மாதிரி கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. அதைக் கொட்டாமல், காலியாகக் கிடந்த கம்பெனி கேன் ஒன்றில் பிடித்துப் பத்திரமாக மூடினான்.

அதே ஷெட்டில் வேலை பார்க்கும் அவன் தங்கை பதறினாள். “அண்ணே, செத்துப்போன ஆயில் எதுக்கு?”

“அந்த ஆளுக்கு வச்சிருக்கேன்.”

“ஆத்திரத்துல மறுபடி மெஷின்ல ஊத்தித் தொலைக்காதே. வேலை போயிடும்.”

“நீ பேசாம போ.”

மறுவாரம் பிரஸ் முனகல்கூட இல்லாமல் ஓடியது. மேனேஜர் முகம்தான் செத்திருந்தது. ஃபிட்டரை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“தம்பி, வெளிய சொல்லிடாதப்பா. வீட்டுக்குப் பின்னால சொந்தமா ஒரு பட்டறை போட்டிருக்கேன். புது மெஷின், இறுகி நின்னுடுச்சு. வந்து பாரேன். புது ஆயில்தான் ஊத்தச் சொன்னேன்!”

“எது சார், இந்த மேஜைக்கடியில ஒளிச்சு வச்சிருந்தீங்களே, அந்தக் கம்பெனி கேனா?”

மேனேஜர் எழுந்துபோய், சாத்திய கதவை இன்னொரு முறை அழுத்திச் சாத்தினார்.

“அதுல இருந்த புதுசு நம்ம பிரஸ்ல ஓடுது சார். மாத்தத் துப்பில்லன்னீங்களே, அன்னைக்கே மாத்திட்டேன்.”