சின்னவளுக்குப் பத்தியம்

"வாயைத் திறடீ!"

பேக்கரிக்குள் நுழைந்த பக்கத்து டிரைவிங் ஸ்கூல்காரம்மா திடுக்கிட்டு நின்றாள். சத்தம் கல்லாப் பக்கமிருந்து வந்தது.

அங்கே சின்னவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அவள் அக்கா பெரியவள், கையில் ஒரு கிண்ணம் நிறைய கீரை.

"வேணாங்க்கா. பிடிக்கல."

"எதுவுமே பிடிக்கலைன்னுதானே இந்தக் கீரையே! இதோ பார், நான் ஒரு வாய் சாப்பிட்டுட்டேன். இப்ப நீ ஒரு வாய். ம்... முழுங்கு!"

சுற்றிலும் கேக், பன், பிஸ்கட். அத்தனைக்கும் நடுவில் உட்கார வைத்து ஒருத்திக்கு வெறும் கீரையா? டிரைவிங் ஸ்கூல்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடம் சொல்லித்தருகிற வண்டியில் ரெண்டு பிரேக் வைத்திருப்பவள்தான், ஆனால் அவள் வாய்க்கு ஒன்றுகூடக் கிடையாது.

"ஏம்மா, என்ன அநியாயம் இது? நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். விடிஞ்சதும் இவளைத் தரதரன்னு இழுத்துக்கிட்டு பார்க்கைச் சுத்தறே. வெயில்ல நிக்க வைக்கறே. ஒரு பிஸ்கட்டை எடுத்தா கையைத் தட்டி விடறே. இவ உன் தங்கச்சியா, இல்ல கைதியா?"

"மேடம், இவளுக்கு மனசு சரியில்ல!" பெரியவள் கிண்ணத்தோடு திரும்பினாள். "சிரிக்க மாட்டேங்கறா, தூங்க மாட்டேங்கறா. அதான் காலையில வெயில், நடை. அப்புறம் கீரை, மீன், பாதாம், பூசணி விதை. விளக்கணைச்சா போனைத் தொடக் கூடாது. இப்ப எவ்வளவோ தேவல, தெரியுமா? நேத்து ஒரு தடவை சிரிச்சா மேடம்! நானே பார்த்தேன்!"

"கீரைக்கட்டால மனசைச் சரிபண்ணப் போறியா? டாக்டர்னு ஒருத்தர் எதுக்கு இருக்காங்க?"

"டாக்டர் வேணாம்னு யார் சொன்னா? மருந்தும் சாப்பிடட்டும், இதையும் சாப்பிடட்டும். பெட்ரோலே ஊத்தாம சர்வீஸ் மட்டும் பண்ணினா வண்டி ஓடுமா மேடம்?"

"எனக்கே வண்டிப் பாடமா!"

டிரைவிங் ஸ்கூல்காரம்மாவுக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. புருஷன் இறந்துபோன பிறகு மாசக்கணக்கில் கடையைத் திறக்காமல் கிடந்தவள்தானே இந்தப் பெரியவள்? சோறும் தண்ணியும் கொண்டுபோய்க் கொடுத்து ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டது இந்தச் சின்னவள்தான். தெம்பு வந்ததும் அவள் மேலேயே அதிகாரம். நன்றி கெட்ட ஜென்மம்!

"எழுந்திரு நீ! இப்பவே உன்னை நம்ம ஊர் மனசு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

சின்னவள் பதறினாள். "ஐயோ, வேணாம் மேடம். அக்காவே நல்லா பார்த்துக்கறா."

"பார்த்தியா, எப்படிப் பயந்து கிடக்கா!"

"தாராளமா கூட்டிட்டுப் போங்க!" பெரியவளும் விடவில்லை. "நான் பார்த்துக்கறதுல ஒரு குறை இருக்குன்னு டாக்டர் சொல்லட்டும், அப்புறம் பேசலாம்!"

வண்டி கிளம்பிய பிறகும் ஓடி வந்து, ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தைச் சின்னவள் மடியில் போட்டாள். "பாதாம்! நடுவுல பசிச்சா கண்டதைத் தின்னாதே!"

வழி நெடுக டிரைவிங் ஸ்கூல்காரம்மாதான் பேசினாள். "பயப்படாதே. இனிமே உனக்கு நான் இருக்கேன். உங்கக்கா கொட்டம் இன்னியோட சரி." சின்னவள் ரெண்டு மூணு தடவை வாயெடுத்தாள். நடுவில் நுழைய இடம் கிடைத்தால்தானே!

டாக்டரம்மாவின் அறைக்குள் போய் உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஆரம்பித்துவிட்டாள்.

"டாக்டர், எப்படியாவது இந்தப் பொண்ணைக் காப்பாத்துங்க! கூடப் பிறந்தவளே இப்படிக் கொடுமை பண்ணினா..."

டாக்டரம்மா சின்னவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "அடடே, நீங்களா! வாங்க, வாங்க. என்ன விசேஷம்?"

அவ்வளவுதான். தொங்கிக்கிடந்த அந்த முகம் எங்கே போனதோ! சின்னவள் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள்.

"டாக்டர்! இன்னிக்குக் காலையில அக்கா அவளுக்குன்னு ஒரு முட்டை வேக வெச்சுக்கிட்டா டாக்டர்! எனக்கில்ல, அவளுக்கு! 'பசிக்குதுடி'ன்னு சொன்னா! அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை மாசமாச்சு! எனக்கு அழுகையே வந்துடுச்சு. மாவு மூட்டைக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டேன்."

"சபாஷ்!" டாக்டரம்மா மேஜையைத் தட்டினாள்.

டிரைவிங் ஸ்கூல்காரம்மா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துத் திருதிருவென்று விழித்தாள். "இருங்க, இருங்க. இங்க மனசு சரியில்லாதது யாருக்கு?"

"அக்காவுக்குத்தான் மேடம். அத்தான் போனப்புறம் அவளை இங்கதான் கூட்டிட்டு வந்தேன். டாக்டர் மாத்திரை கொடுத்து, நல்ல சாப்பாடு, வெயில், நடை, தூக்கம் எல்லாமே முக்கியம்னு சொல்லி அனுப்பினாங்க. ஒண்ணையும் தொடல. 'எனக்கெதுக்குடி இதெல்லாம்'னு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. நான் கெஞ்சாத கெஞ்சல் இல்ல, அழாத அழுகை இல்ல. இப்ப நான் சத்து மாத்திரை போட்டாத்தான் தன்னோடதைப் போடுவேங்கறா, நான் முழுங்கணும்னே முதல் வாயை அவளே சாப்பிட்டுக் காட்டறா. தனக்குன்னா சுண்டுவிரலைக்கூட அசைக்க மாட்டா மேடம். எனக்கு ஒண்ணுன்னா மட்டும் தாங்க மாட்டா."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அதான், நான் போய்ப் படுத்துக்கிட்டேன். மறுநாளே அவ எழுந்துட்டா!"