மஞ்சளுக்கடியில் நீலம்

தோல் வழியாகப் பரவும் வைரஸ் வந்த பிறகு, மணப்பெண்ணுக்கு நலங்கு வைப்பவர்கள் எல்லாரும் கையுறை மாட்டிக்கொண்டார்கள். குமுதா அத்தை மட்டும் மண்டப வாசலிலேயே நின்றாள். நோயிலிருந்து பிழைத்துவிட்டாலும் கிருமி அவள் கையை விட்டுப் போகவில்லை. கையுறை போட்டிருந்தும் யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

மணப்பெண் பூவிதழ் புதிதாய் வந்த, கண்ணுக்கே தெரியாத செயற்கைக் காப்புத் தோலை முகம் வரை போட்டிருந்தாள்.

"கையுறையக் கழட்டிட்டு வாங்க அத்தே."

அத்தை கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவள் கன்னத்தில் ஒரு விரலால் மஞ்சள் வைத்தாள். மஞ்சளுக்கடியில் நீலம் படர்ந்தது.

"ஐயோ, ஒட்டிக்கிடுச்சே!" என்று அம்மா அலறினாள்.

நீலம் சுருங்கியது, புள்ளியானது, மறைந்தது. கிருமியைக் காப்புத் தோல் தின்றுவிட்டது.

பூவிதழ் சிரித்தாள். "ஒத்த விரலால தொட்டா நலங்கா அத்தே? ரெண்டு கையாலயும் அள்ளிப் பூசுங்க!"