அண்ணாச்சி சொன்னால் சரி

“இது டூப்ளிகேட் கிட்டார்ண்ணே! வாங்குன வாரமே கழுத்து வளைஞ்சு போச்சு. எடுத்துக்கிட்டுப் பணத்தைக் கொடுங்க” என்று கொதித்தாள் மாரிச்செல்வி. கோவில் கச்சேரிகளில் வாசித்துப் பிழைப்பவள் அவள்.

“கம்பெனி சரக்கும்மா. ஸ்டிக்கரைப் பாரு” என்று கடைக்காரர் தங்கப்பாண்டியன் சாதித்தார்.

கடைசியில் பக்கத்துத் தெருவில் அச்சகம் வைத்திருக்கும் காசிராஜனைக் கூப்பிட்டார்கள். அச்சு விஷயத்தில் அவர் சொல்லுக்குச் சிவகாசியில் மறுபேச்சு கிடையாது.

“அண்ணாச்சி சொன்னா ஒத்துக்கிறேன். அவுக பொய் சொல்ல மாட்டாக” என்றாள் மாரிச்செல்வி.

காசிராஜன் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து ஸ்டிக்கர் மேல் வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

“அசல்தான் தாயி” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிருங்கண்ணே” என்று தங்கப்பாண்டியனைக் கும்பிட்டுவிட்டு, வளைந்த கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள் மாரிச்செல்வி.

விறுவிறுவென்று அச்சகத்துக்கு வந்த காசிராஜன், ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தச் சொன்னார். போர்மேன் ஓடி வந்தான்.

‘அந்த மதுரை ஆர்டர் இனி நமக்கு வேண்டாம்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்த வார்த்தை வேறு.

“ஏலே, மதுரைக்கு அடிக்கிற கிட்டார் ஸ்டிக்கர்ல ஒரு எழுத்து உடைஞ்சு நிக்குது. லென்ஸ் வச்சுப் பார்த்தா நம்ம அச்சுன்னு காட்டிக் கொடுத்துரும். அடுத்த லோடு போறதுக்குள்ள பிளேட்டை மாத்துலே!”