கடைசி பெஞ்சில் மர்சலின் டீச்சர்

சாந்தோம் பள்ளிக்கூடமொன்றின் மூன்றாம் வகுப்பில் கடல் வெளிச்சம் கரும்பலகை வரைக்கும் வந்து நிற்கிறது. ஆசிரியர் பயிற்சிக்கு வந்திருக்கும் நோரா, எலுமிச்சம்பழத்தில் பின்னல் ஊசியைக் குத்திப் பூமி சுற்றுவதைக் காட்டுகிறாள். அவள் கேள்வி கேட்டால், சிலேட்டும் கையுமாக அத்தனை பிள்ளைகளும் பின்னால் திரும்பி, கடைசி பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கும் தங்கள் மர்சலின் டீச்சரின் முகத்தைப் பார்க்கிறார்கள். அங்கே புருவம் ஏறினால் "ஆமாம்", சுருங்கினால் "இல்லை". நோராவின் குரல் தேய்கிறது. மர்சலினுக்கு உள்ளூரப் பெருமைதான். அந்தப் பெருமையே உறுத்துகிறது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி அலையைப் பார்க்கிறாள். பார்த்துச் சொல்ல முகம் இல்லாததால் பிள்ளைகள் முன்னால் திரும்புகிறார்கள். "பூமி இப்டி சுத்துனா எங்க நைனாவோட கட்டுமரம் கவுந்துடாதா டீச்சர்?" என்கிறாள் குப்பம்மா. வகுப்பு சிரிக்கிறது, நோராவும் சிரிக்கிறாள், ஆளுக்கொரு பதில் கிளம்புகிறது. திரும்பிப் பார்க்க மர்சலினின் கழுத்து துடிக்கிறது, அடக்கிக்கொள்கிறாள். பலகையில் கட்டுமரம் வரைந்துவிட்டுத் திரும்பிய வேகத்தில் நோரா அதட்டுகிறாள்: "கடைசி பெஞ்சுல யாரது, ஜன்னல்ல இன்னா வேடிக்க? இங்க பாரு." சொன்ன பிறகுதான் அது யாரென்று அவளுக்கு உறைக்கிறது, பழம் கைநழுவி உருள்கிறது. மர்சலின் எழுந்து கைகட்டி நிற்கிறாள்.

"சரிங்க டீச்சர்."